2000 டிகிரிக்கு மேல் தெர்மோகப்பிள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிராஃபைட் வெப்பமூட்டிகள் கொண்ட ஒரு வெற்றிட உலை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்த டங்ஸ்டன்–ரீனியம் கம்பிகளால் ஆன சி வகை தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகள் தரும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைச் சொல்லும் கருவி), அதற்கு மாலிப்டினம் உறை. காட்சிப் பலகை ஒவ்வொரு முறையும் 2000 டிகிரி செல்சியஸ் என்று ஒழுங்காகவே காட்டுகிறது. ஆனால் சில வாரங்களாக அதே 2000 டிகிரிக்கு உலை எடுத்துக்கொள்ளும் மின்சக்தி ஏறிக்கொண்டே வருகிறது. வெளியே வரும் பீங்கான் பாகங்கள் அளவுக்கு மீறி வெந்தவை போலச் சுருங்கியிருக்கின்றன. சந்தேகப்பட்டு தெர்மோகப்பிளைக் கழற்றி, ஒரு சிறிய சோதனை உலையில் 1000 டிகிரியில் ஒப்பிட்டுப் பார்த்தால் சரியாகவே காட்டுகிறது. எதை நம்புவது? வேறு வகை வாங்க வேண்டுமா?

பாகங்களை நம்புங்கள். உங்கள் உலை 2000 டிகிரியில் இல்லை, அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. தெர்மோகப்பிள் குறைத்துச் சொல்கிறது. குறைத்துச் சொல்லும் கருவியைக் கையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி என்ன செய்யும்? இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணி மின்சக்தியைக் கூட்டும்; பலகையில் 2000 வந்த பிறகுதான் ஓயும். ஆகவே பிழை எவ்வளவு பெரிதானாலும் பலகையில் தெரியவே தெரியாது. அது தெரியும் இடங்கள் இரண்டு: மின்சக்திப் பதிவேடு, வெந்த பாகம். மின்சக்தி மட்டும் ஏறி, பாகங்கள் முன்பு போலவே இருந்திருந்தால், உலையின் கிராஃபைட் கம்பளிக் காப்பு நைந்து வெப்பம் கசிகிறது என்று சொல்லியிருப்பேன். இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால் பழி தெர்மோகப்பிள் மீதுதான்.

அப்படியானால் சோதனை உலையில் ஏன் அது சரியாகக் காட்டியது? இதைப் புரிந்துகொண்டால் மீதிப் பாதி தானாகவே விளங்கிவிடும். வெப்ப மின்னிரட்டை எனப்படும் தெர்மோகப்பிளைப் பற்றிப் பலருடைய மனத்திலும் பதிந்திருக்கும் படம், இரண்டு உலோகங்கள் சேரும் நுனியில் மின்னழுத்தம் பிறக்கிறது என்பது. 1821இல் சீபெக் கண்ட விளைவு அப்படி வேலை செய்வதில்லை. கம்பியின் நீளத்தில் எங்கெல்லாம் வெப்பநிலை மாறுகிறதோ, அங்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் பிறக்கிறது. நுனி முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் அங்கே எதுவும் பிறப்பதில்லை. இரண்டு கம்பிகளையும் மின்தொடர்பில் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. உங்கள் உலையில் 2000 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு இறங்கும் அந்தப் பெரிய சரிவு, கம்பி காப்புச் சுவரைக் கடந்து வெளியே வரும் சில அங்குலங்களில்தான் இருக்கிறது. நீங்கள் அளப்பதாக நினைக்கும் மின்னழுத்தத்தில் பெரும்பகுதியும் அந்தச் சில அங்குலக் கம்பியின் உழைப்பு.

கம்பி முழுக்க ஒரே சீரான கலவையாக இருக்கும் வரை இந்த வேறுபாடு பொருட்டல்ல. கம்பியின் ஒரு பகுதி கெட்டுவிட்டால் எல்லாமே மாறும். கெட்ட பகுதி சரிவில் மாட்டினால் பிழை. அதே பகுதி சீரான சூட்டுக்குள் கிடந்தால் பிழையே இல்லை. சோதனை உலையில் நீங்கள் அதை வேறு ஆழத்துக்குச் செருகியிருப்பீர்கள். அங்கே சரிவு விழுந்தது கம்பியின் வேறொரு பகுதியில், அநேகமாக நல்ல பகுதியில். போதாததற்கு, கம்பிகளைப் பிரித்து வைக்கும் பீங்கானில் 2000 டிகிரியில் மட்டுமே தலைகாட்டும் மின்கசிவு 1000 டிகிரியில் இருக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த இரண்டு காரணங்களாலும், பழைய உயர்வெப்பத் தெர்மோகப்பிளைக் கழற்றி இன்னோர் உலையில் அளவுத்திருத்தம் செய்வது வீண் வேலை. வரும் எண் அந்தச் சோதனை உலைக்கு மட்டுமே உரியது. சோதிப்பதானால் அது வேலை செய்யும் அதே துளையில், அதே ஆழத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். இதை நான் சற்றே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அப்படி வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, மாதக்கணக்கில் பாகங்களை வீணாக்குபவர்களை இந்தத் துறையில் அடிக்கடி பார்க்க முடிகிறது.

இந்த உலோகங்களுக்கு நாம் ஏன் வந்து சேர்ந்தோம் என்பதையும் பார்த்துவிடலாம். நிக்கல் கலவைகளால் ஆன கே வகை 1200 டிகிரியைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். லெ ஷாதெலியே 1880களில் கொண்டுவந்த பிளாட்டினம்–ரோடியம் இணை இன்றும் எஸ், ஆர், பி வகைகளாக வாழ்கிறது. அவற்றில் பி வகை 1700 டிகிரி வரை நன்றாகத் தாங்கும். பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி. ரோடியத்தைக் கூட்டினால் வரம்பு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். காற்று உள்ள உலையில் 1700 டிகிரிக்குள் உங்கள் வேலை முடிந்துவிடும் என்றால் பி வகையை விட்டு அசையாதீர்கள். டங்ஸ்டன் பக்கம் வருவது வேறு வழியில்லாதபோது மட்டும். அதன் உருகுநிலை 3422 டிகிரி, எல்லா உலோகங்களிலும் உயர்ந்தது. அடுத்தது ரீனியம், ஏறத்தாழ 3186. இங்கே பேச்சில் வரும் மற்றவற்றில் டாண்டலம் 3017, மாலிப்டினம் 2623, நியோபியம் 2477. 1925இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட ரீனியம் இல்லாமல் போயிருந்தால், இந்த வகைத் தெர்மோகப்பிள் நடைமுறைக்கே வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஏனென்றால் தூய டங்ஸ்டனுக்கு ஒரு தீராத குறை இருக்கிறது. இழுத்து நீட்டிய கம்பியில் அதன் உலோகத்துகள்கள் நார் நாராக நீண்டு கிடக்கும். அதுவரை வளைக்கலாம், முறுக்கலாம். 1200 டிகிரி அளவில் ஒருமுறை சூடேறிவிட்டால் அந்த நார் அமைப்பு கலைந்து, துகள்கள் புதிதாகப் படிகமாகிப் பருக்கும். பிறகு குளிர்ந்த நிலையில் தொட்டாலே முறியும். அப்படி முறிந்த முனையை ஓர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள்: இழுபட்டு மெலிந்த அடையாளம் எதுவும் இருக்காது; கற்கண்டை உடைத்தது போலப் பளபளக்கும் முகங்கள் மட்டும் தெரியும். ரீனியத்தைச் சேர்த்தால் இந்த நொறுங்கும் தன்மை வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் ஒரு காலில், அதாவது இரு கம்பிகளில் ஒன்றில், தூய டங்ஸ்டனைக் கொண்ட ஜி வகையை விட, இரண்டு கால்களிலும் ரீனியம் உள்ள சி வகையும் டி வகையும் பரவலாயின. சி வகையில் நேர்மின் கால் 5 சதவீத ரீனியம், எதிர்மின் கால் 26 சதவீதம். டி வகையில் 3, 25. ரஷ்யாவில் நெடுங்காலம் புழங்கிவந்த ஏ வகையில் 5, 20. சி, ஏ இரண்டும் 2013இல் வெளியான சர்வதேசத் தர அட்டவணையில் இடம்பெற்றன. சி வகைக்கு 2315 டிகிரி வரை, ஏ வகைக்கு 2500 வரை.

குறைகிறது என்றுதான் சொன்னேன், நீங்குகிறது என்று சொல்லவில்லை. ஆகவே புதிய கம்பிக்கு வேண்டிய வளைவுகளையெல்லாம் முதல் சூட்டுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பீங்கான் குழல்களுக்குள் கம்பி நீள இடம் விட வேண்டும். உலோகமும் பீங்கானும் ஒரே அளவில் விரிவதில்லை, இறுக்கமாகப் பிடித்த கம்பி குளிரும்போது தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். ஒருமுறை உச்ச வெப்பநிலையைக் கண்ட பிறகு அதை நிமிர்த்துவதோ, வேறு துளைக்கு மாற்றுவதோ கூடாது. முறிந்தால் தெரிந்துவிடும். முறியாமல் இடம் மாறினால்தான் ஆபத்து: கெட்ட பகுதி புதிதாகச் சரிவுக்குள் வந்து, நேற்றுவரை இல்லாத பிழை இன்று முளைக்கும்.

புதுக் கம்பியே எவ்வளவு துல்லியம் என்பதில் தெளிவாக இருங்கள். சி வகைக்குத் தர விதிகள் அனுமதிக்கும் பிழை, உயர் வெப்பத்தில் அளவீட்டின் 1 சதவீதம். 2000 டிகிரியில் அது 20 டிகிரி, மேலும் கீழும். 1 டிகிரி வரை காட்டும் எண்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிடைக்கும் சமிக்ஞையும் சிறியது: 2315 டிகிரியில் மொத்தமே சுமார் 37 மில்லிவோல்ட். 600 டிகிரி வாக்கில் ஒரு டிகிரிக்கு 19 மைக்ரோவோல்ட் அளவில் இருப்பது 2000 டிகிரியில் 12 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே சமயம் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு 13 மைக்ரோவோல்ட் இருக்கிறது. பி வகைக்குப் பழகியவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். பி வகை அறை வெப்பநிலையில் ஏறக்குறைய எந்த மின்னழுத்தமும் தராது என்பதால் குளிர் முனையை, அதாவது கம்பிகள் அளவிடும் கருவியோடு சேரும் மறுமுனையை, அலட்சியப்படுத்தினாலும் தப்பித்துக்கொள்ளலாம். சி வகையில் குளிர் முனையில் 10 டிகிரி தவறினால், 2000 டிகிரியில் 11 டிகிரி தவறும். வெற்றிடச் சுவரைக் கடக்கும் இணைப்பு முள்கள் உலையின் உடலோடு சேர்ந்து சூடாகும் இடம் இது. அந்த முள்களும் அதன் பிறகு வரும் கம்பியும் சி வகைக் கம்பியைப் போலவே மின்னழுத்தம் தரும்படி அதற்கென்றே செய்த ஈட்டுக் கலவையாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: இந்தக் கலவையில் வார்ப்புக்கு வார்ப்பு சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், இரண்டு கால்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து இணையாகவே விற்கிறார்கள். ஒரு சுருளின் நேர்மின் காலை மற்றொரு சுருளின் எதிர்மின் காலோடு சேர்த்தால் அட்டவணை பொருந்தாது.

இனி கம்பி எப்படிக் கெடுகிறது என்பதற்கு வருவோம். முதல் எதிரி ஆக்சிஜன். டங்ஸ்டன் சில நூறு டிகிரியிலேயே ஆக்சைடாகத் தொடங்கும். உயர் வெப்பத்தில் அந்த ஆக்சைடு ஆவியாகிப் போவதால் கம்பியின் மேல் காப்புப் படலமாகத் தங்குவதும் இல்லை. ரீனியத்தின் ஆக்சைடு இன்னும் எளிதில் ஆவியாகும். எனவே வெற்றிடம், ஹைட்ரஜன், ஆர்கான், ஹீலியம் இவற்றில்தான் இந்தத் தெர்மோகப்பிள் உயிரோடு இருக்கும். 300 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உலையைத் திறந்து காற்றை விடுவது, உலைக்குள் இருப்பதை அவசரமாகப் பார்க்க நினைப்பவர்கள் தெர்மோகப்பிளுக்குச் செய்யும் பெரிய கொடுமை.

ஆனால் உங்கள் உலையில் குற்றவாளி கார்பன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிராஃபைட் இருக்கும் இடத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றும் ஈரமும் கார்பன் மோனாக்சைடாக மாறி, கார்பனை எல்லா மூலைக்கும் தூக்கிச் செல்லும். டங்ஸ்டன் அதை உறிஞ்சிக் கார்பைடாக மாறும். கார்பைடான பகுதியின் மின்னியல்பு கலவையினுடையது அல்ல. உறை அதைத் தடுக்காதா? மாலிப்டினம் உறை கொஞ்ச காலம் தடுக்கும். பிறகு அதுவே கார்பைடாகி விரிசல் விடும். இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். மாலிப்டினம் 2623 டிகிரி வரை உருகாது என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு அதைக் கிராஃபைட் மேல் சாய்த்து வைப்பவர்கள் உண்டு. மாலிப்டினமும் அதன் கார்பைடும் சேர்ந்த கலவை சுமார் 2200 டிகிரியிலேயே உருகிவிடும். உங்கள் உலை பலகையில் காட்டாமலே அந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை திறக்கும்போது உறை கிராஃபைட்டைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: சாம்பல் நிற மங்கலும் மயிரிழை விரிசலும் இருந்தால் கார்பன் ஏறிவிட்டது. விளிம்பு மழுங்கி வழிந்தது போல இருந்தால், அங்கே 2200 டிகிரி வந்து போயிருக்கிறது. அந்த அடையாளத்தை எந்தக் கருவியாலும் மறுக்க முடியாது.

கிராஃபைட்டோடு புழங்க டாண்டலம் உறை மேலானது. அதன் மேற்பரப்பில் உருவாகும் டாண்டலம் கார்பைடு நெருக்கமான, மிகமிக உயர்ந்த உருகுநிலை கொண்ட படலம். உள்ளே இருக்கும் கம்பிக்கு நீண்ட அவகாசம் தரும். ஆனால் டாண்டலம் ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விழுங்கி நொறுங்கிப்போகும். எனவே ஹைட்ரஜன் உலைக்கு மாலிப்டினம், வெற்றிடக் கிராஃபைட் உலைக்கு டாண்டலம் என்பது என் வழக்கமான பரிந்துரை. எதுவானாலும் உறை கிராஃபைட்டைத் தொடாமல் நிற்கும்படி துளையைச் சற்றுப் பெரிதாக்கிவிடுங்கள். உறையே இல்லாமல் வெறும் கம்பியை வெற்றிடத்தில் 2000 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: டங்ஸ்டனை விட ரீனியம் எளிதில் ஆவியாகும். அதனால் கம்பியின் தோலில் ரீனியம் குறைந்துகொண்டே போகும். மெல்லிய கம்பியானால் இது சீக்கிரமே அளவீட்டில் தெரியும். ஆகவே இடம் இருந்தால் தடித்த கம்பியை எடுப்பது நல்லது.

மின்காப்புப் பீங்கான் பற்றி எழுதாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. பலரும் கம்பியைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். 2000 டிகிரியில் பிழைக்குக் காப்பும் சமமான காரணம். எந்தப் பீங்கானும் சூடேறச் சூடேற மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தத் தொடங்கும். ஒரு கட்டத்தில் இரண்டு கம்பிகளும் நுனியில் மட்டுமல்லாமல் வழியெங்கும் பீங்கான் ஊடாக இணைந்தாற்போல ஆகிவிடும். கம்பி செல்லும் வழியில் நுனியை விடச் சூடான இடம் ஒன்று இருந்தால், தெர்மோகப்பிள் நுனியின் வெப்பநிலையை விட்டுவிட்டு அந்த இடத்தின் வெப்பநிலை பக்கமாகச் சாயும். நுனியே உச்சம் என்றால் அளவீடு கீழே சாயும். அலுமினாவை 1700, 1800 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் உருகுநிலையே 2072 டிகிரிதான். மக்னீசியாவின் உருகுநிலை 2852 டிகிரி என்றாலும் வெற்றிடத்தில் கிராஃபைட் அருகே அது மக்னீசியம் ஆவியாகக் கரைந்துபோகும். 2000 டிகிரிக்கு மேல் ஹாஃப்னியம் ஆக்சைடான ஹாஃப்னியாதான் நம்பகமானது. போரான் நைட்ரைடைப் பயன்படுத்துவதானால் பிணைப்பான் சேராத, ஆவியிலிருந்து படியவைத்த வகையாக இருக்கட்டும். தூளை அழுத்திச் செய்த மலிவான வகையில் இருக்கும் போரிக் ஆக்சைடு ஈரத்தை இழுத்து, சூட்டில் உருகி, கம்பியை நாசம் செய்யும்.

பெரிலியம் ஆக்சைடான பெரிலியா மின்காப்பில் மிகச் சிறந்தது. பழைய தெர்மோகப்பிள்களில் நிறையப் பார்க்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குப் போனால் குணப்படுத்த முடியாத நோய் வரும். எந்தப் பொருள் என்று தெரியாத பழைய வெள்ளைக் குழலை அறுக்கவோ, உடைக்கவோ, தேய்க்கவோ வேண்டாம். இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். உடைந்ததைத் துடைப்பத்தால் கூட்டவும் கூடாது.

காப்புக் கசிகிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு, கருவி எதுவும் வேண்டாம். உலை உச்ச வெப்பநிலையில் நிலையாக நிற்கும்போது வெப்பமூட்டிகளின் மின்சாரத்தை ஒரு நொடி துண்டித்துவிட்டு அளவீட்டைப் பாருங்கள். அத்தனை பெரிய உலை ஒரு நொடியில் குளிர்ந்துவிட முடியாது. மின்சாரம் நின்ற அந்தக் கணத்தில் எண் சட்டென்று 10, 15 டிகிரி குதித்தால், அந்தக் குதிப்பு முழுவதும் வெப்பமூட்டியின் மின்னோட்டம் காப்பின் வழியாகக் கம்பிக்குள் கசிந்த பிழை. குதிக்காமல் மெதுவாக மட்டும் இறங்கினால் இந்த வகைக் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரு கம்பிகளுக்கும் இடையேயான கசிவை இது காட்டிக்கொடுக்காது. அதற்குப் புதியதொரு தெர்மோகப்பிளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வழி.

இத்தனை தொல்லை எதற்கு, சூடான பரப்பு உமிழும் ஒளியைக் கொண்டு தூரத்திலிருந்தே வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டரை வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 2000 டிகிரியில் ஒளியைக் கொண்டு அளப்பதே அடிப்படை முறை, 961.78 டிகிரிக்கு மேல், அதாவது வெள்ளியின் உறைநிலைக்கு மேல், சர்வதேச வெப்பநிலை அளவுகோலே பிளாங்க் கதிர்வீச்சு விதியைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. ஆனால் அதற்கும் தனக்கே உரிய பலவீனம் இருக்கிறது. பரப்பின் உமிழ்திறனை, அதாவது அது எவ்வளவு நன்றாக ஒளியை உமிழ்கிறது என்பதை, 10 சதவீதம் தவறாக எடுத்துக்கொண்டால், 0.65 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் 2000 டிகிரியில் 23 டிகிரி பிழை வரும். 1.6 மைக்ரோமீட்டரில் பார்க்கும் மலிவான கருவியானால் 57 டிகிரி. உமிழ்திறனைச் சரியாகவே கொடுத்தாலும், கண்ணாடிச் சன்னலில் மெல்லிய படிவு சேர்ந்து ஒளியில் 10 சதவீதத்தை மறைத்தால் விளைவு அதேதான். அதுவும் கீழ்நோக்கிய பிழை. உங்கள் தெர்மோகப்பிள் செய்ததைப் பைரோமீட்டரும் செய்யும், உலை பலகையில் தெரியாமல் மேலே போகும். கிராஃபைட்டில் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது ஆழம் உள்ள ஒரு குருட்டுத் துளையைப் போட்டு அதன் அடியைப் பார்த்தால் உமிழ்திறன் சிக்கல் பெருமளவு நீங்கும். சன்னல் சிக்கல் நீங்காது. அதை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் துடைக்க வேண்டும். உலை ஓடும்போது ஓர் மூடியால் மறைத்துவைத்து, அளக்கும்போது மட்டும் திறக்க வேண்டும்.

தெர்மோகப்பிளும் பைரோமீட்டரும் வேறுவேறு காரணங்களால் பிழைபடுகின்றன என்பதுதான் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இரண்டையும் வைத்து, இரண்டுக்கும் இடையேயான வித்தியாசத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுதிவையுங்கள். வித்தியாசம் நிலையாக இருக்கும் வரை, அது 15 டிகிரியாக இருந்தாலும், கவலை இல்லை. வித்தியாசம் நகரத் தொடங்கினால் ஏதோ ஒன்று கெடுகிறது. சன்னலைத் துடைத்த பின்பும் நகர்ந்தால் அது தெர்மோகப்பிள்.

எது சரி என்று தீர்மானிக்க மூன்றாவதாக ஒரு நடுவர் வேண்டுமானால், உருகும் பொருள்தான் சிறந்தது. பலேடியம் 1554.8 டிகிரியிலும் பிளாட்டினம் 1768 டிகிரியிலும் உருகும். ஆனால் கிராஃபைட் உலையில் இவற்றை வெறுமனே வைத்தால் கார்பன் கரைந்து உருகுநிலையைக் கீழே இழுத்துவிடும். பல்லாண்டுகளாகத் தொல்லையாக இருந்த இந்த இயல்பையே ஜப்பானியத் தேசிய அளவியல் நிலையத்தைச் சேர்ந்த யோஷிரோ யமாடாவும் அவருடைய குழுவினரும் 1999இல் பயனாக மாற்றிக் காட்டினார்கள். கிராஃபைட் குடுவைக்குள் உலோகத்தை வைத்து, கார்பன் எவ்வளவு கரைய வேண்டுமோ அவ்வளவும் கரையட்டும் என்று விட்டால், அந்த நல்லுருகு கலவை (தன் கூறுகளின் கலவைகளிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகுவது) ஒவ்வொரு முறையும் ஒரே வெப்பநிலையில் உருகுகிறது. குடுவையும் கார்பன்தான் என்பதால் மாசு என்ற பேச்சுக்கே இடமில்லை. கோபால்ட்–கார்பன் 1324 டிகிரி, பலேடியம்–கார்பன் 1492, பிளாட்டினம்–கார்பன் 1738, ருத்தேனியம்–கார்பன் 1953, ரீனியம்–கார்பன் 2474. உயர் வெப்ப அளவியலில் இதைப் போல எளிமையும் அழகும் சேர்ந்த யோசனை எனக்கு வேறு தெரியாது. உங்கள் 2000 டிகிரிக்கு ருத்தேனியம்–கார்பன் மிக அருகில் இருக்கிறது. தெர்மோகப்பிள் நுனியைச் சூழ ஒரு சிறு குடுவை அமைந்தால் போதும். உலையை மெதுவாக ஏற்றும்போது, உலோகம் உருகும் அந்தச் சில நிமிடங்களுக்கு அளவீடு ஏறாமல் படுக்கையாக நிற்கும். படுக்கை 1953க்குப் பதில் 1910இல் தெரிந்தால், உங்கள் தெர்மோகப்பிள் அந்த இடத்தில் 43 டிகிரி குறைத்துச் சொல்கிறது. எந்த விவாதமும் தேவையில்லை.

வேறு வகை வாங்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உங்கள் உலைக்கு சி வகையே சரி. காற்றிலோ எரிவாயுச் சுடரிலோ 2000 டிகிரி அளக்க வேண்டியவர்களுக்கு இரிடியம்–ரோடியம் இணை உண்டு. அதன் சமிக்ஞை ஒரு டிகிரிக்கு 5, 6 மைக்ரோவோல்ட் மட்டுமே. கம்பியும் எளிதில் நொறுங்கும். ஆனாலும் காற்றில் அந்த வெப்பத்தைத் தாங்க வேறு உலோகம் இல்லை. அணு உலைக்குள் டங்ஸ்டன்–ரீனியம் கூடவே கூடாது. நியூட்ரான்களை விழுங்கி டங்ஸ்டனில் ஒரு பகுதி ரீனியமாகவும் ரீனியம் ஆஸ்மியமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கம்பியின் கலவையே வேறாகிவிடும். அதற்காகத்தான் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் நியூட்ரான்களைக் குறைவாக விழுங்கும் மாலிப்டினம்–நியோபியம் இணையை உருவாக்கினார்கள். உங்களுக்கு இந்த இரண்டு தேவையும் இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை இவை. கழற்றிய தெர்மோகப்பிளைத் திரும்பப் பொருத்தாதீர்கள். பொருத்தினாலும் பழைய ஆழம் அப்படியே அமையாது. கம்பியும் உடைந்துபோக வாய்ப்பு அதிகம். டாண்டலம் உறையும் ஹாஃப்னியா காப்பும் கொண்ட புதிய சி வகை ஒன்றைப் பொருத்துங்கள். கிராஃபைட்டைத் தொடாமல் நிற்கட்டும், செருகும் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் உள்ளே எதுவும் வைக்காமல் உச்ச வெப்பநிலையில் சில மணி நேரம் நிறுத்தி, கம்பியின் உள்ளமைப்பு ஒரு நிலைக்கு வரட்டும். புதுக் கம்பியில் முதல் சில மணி நேரத்தில் வரும் நகர்வு பெரும்பாலும் அதனால்தான். பிறகு ருத்தேனியம்–கார்பன் குடுவையால் ஒருமுறை சோதித்து, அந்த எண்ணையும், 2000 டிகிரியில் உலை எடுக்கும் மின்சக்தியையும், பைரோமீட்டர் காட்டுவதையும் ஒரே வரியில் எழுதுங்கள். இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த வரிசையில் ஒரு வரி. மின்சக்தியும் பைரோமீட்டரும் சேர்ந்து மேலே நகரும் நாளில், தெர்மோகப்பிள் உடையும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.